இரட்டைச் சாட்டைக்காரர்களைக் காத்த பச்சமுத்து அவர்களுக்கு

மரக்காணம் உப்புநீர்ப் பாசி வளர்ப்பு நிலையத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் களப்பணியாளராகக் கடமையாற்றி, இன்று பணி நிறைவு காணும் திரு. பச்சமுத்து அவர்களுக்கு, நிலையத்தின் ஊழியர்கள் யாவரும் உள்ளம் நெகிழ்ந்து, உவகையும் ஏக்கமும் ஒருசேர உற்று, உவர்க்காற்று வீசும் இவ்வளாகத்தின் பந்தலில் வாசித்தளிக்கும் மடல்.

உவர்நிலத்தில் உயிர்வளர்த்த உத்தமரே! கத்திரி வெயில் கொளுத்தினும் கார்மழை கொட்டினும், வரப்பு வழுக்கினும் வாடைக்காற்று வாட்டினும், வைகறையில் வந்து பாத்திகளைப் பார்த்து, மாலையில் மடைகளை மூடி மனநிறைவோடு மனை திரும்பிய மாண்பாளரே! கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடி உயிர்களுக்குக் காவலாய் நின்ற கருணையாளரே! திறக்கச் சொன்ன மடையின்மேல் திடமாய் அமர்ந்த தீரரே! உங்களை வணங்குகிறோம், வாழ்த்துகிறோம், வழியனுப்ப மனமின்றி நிற்கிறோம்!

மாலை கனத்தால் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அண்ணா. பக்கத்தில் உங்கள் துணைவியார் ஆராயி அண்ணி சோடாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்கிறார், வாங்கிக் குடியுங்கள். இது வழக்கமான மடலைவிடக் கொஞ்சம் நீளம். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தவர்கூட, "இவ்ளோ எழுத்தா? மடலா, பத்திரமா?" என்று அலுத்துக்கொண்டார். நீளத்துக்குக் காரணம் இருக்கிறது. கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

இதை எழுதியவர் நம் ஆய்வக உதவியாளர் ஆரோக்கியசெல்வி. வாசிப்பவரும் அவரே. மடல் எல்லோர் பெயராலும் போவதால் இதில் 'நான்' வராது. செல்வியைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் 'செல்வி' என்றே வரும். 'நான்' என்று எழுத உட்கார்ந்தால் தன் பக்கம் நியாயம் பேச ஆரம்பித்துவிடுவோமோ என்று பயந்து அவரே செய்துகொண்ட ஏற்பாடு இது.

முதலில் உங்கள் பணியின் பெருமை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்கள், வெயில் காலத்தில் நம் பாத்திகள் செக்கச் செவேலென்று கிடப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவார்கள். படம் எடுப்பார்கள். "என்னங்க, கலர் கலக்கி வுட்டிருக்கீங்களா?" என்று கேட்பார்கள். அந்தச் செம்மைக்குக் காரணம் ஒரே ஒரு செல்லால் ஆன உயிர் என்றால் நம்ப மாட்டார்கள். வாய் இல்லை, வயிறு இல்லை, கை இல்லை, கால் இல்லை. முன்பக்கம் இரண்டே இரண்டு மெல்லிய இழைகள். அவற்றைச் சாட்டைபோல் சுழற்றிச் சுழற்றியே உப்புத் தண்ணீருக்குள் வெளிச்சம் தேடி நீந்தும். வெயிலும் உப்பும் ஏற ஏற, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே ஆரஞ்சு நிறத்தை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அந்த நிறத்தைப் பிரித்து மருந்துக்கும் உணவுக்கும் அனுப்புவதுதான் நம் எல்லோருக்கும் சோறு போடும் தொழில். புத்தகத்தில் அதன் பெயர் டுனாலியெல்லா. இந்த நிலையத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. நீங்கள் வைத்த 'ரெட்டச் சாட்டைக்காரன்' தான் இங்கே பெயர்.

நீங்கள் முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்த கதையை நிலையத் தலைவர் ஜான்சன் சார் இன்றும் சொல்லிச் சிரிப்பார். "சார், இதுங்க யார அடிக்கறதுக்குச் சாட்டைய எடுத்துக்கினு இந்த ஓட்டம் ஓடுதுங்க?" என்று கேட்டீர்களாம். "யாரையும் அடிக்கல பச்சமுத்து, அதான் அதுக்குத் துடுப்பு, நீஞ்சுது" என்று அவர் சொல்ல, "அப்ப நம்ம கேஸ்தான். கைய வீசினாத்தான் பொழப்பு" என்று சொல்லிவிட்டு மறுபடி வரப்புக்குப் போய்விட்டீர்களாம். அன்றைக்குப் போனவர்தான். முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு நாளும் ஒரு பாத்தியையும் பார்க்காமல் நீங்கள் வீட்டுக்குப் போனதில்லை.

உங்கள் நாக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தண்ணீரில் எத்தனை உப்பு என்று அளக்க நம்மிடம் கண்ணாடிக் குழாய் இருக்கிறது. நீங்கள் சுண்டு விரலை நனைத்து நாக்கு நுனியில் ஒற்றி, "இருவத்திரண்டு டிகிரி" என்பீர்கள். குழாயை விட்டுப் பார்த்தால் இருபத்திரண்டு நிற்கும். கேனில் தண்ணீர் பிடித்து வைக்கிறவரும் ஒரு சொட்டு நாக்கில் வைக்க வேண்டும், அதை எடுத்துப் பயன்படுத்துகிறவரும் ஒரு சொட்டு வைக்க வேண்டும் என்பது நீங்கள் ஏற்படுத்திய வழக்கம். யாரும் எழுதி வைக்காத வழக்கம். கேன்கள் எல்லாம் ஒரே நீலம், ஒரே அளவு. ஒன்றில் வடிகட்டிய உப்புநீர், ஒன்றில் கண்ணாடிச் சாமான்களை அலசும் நல்ல தண்ணீர். நாக்கு இருக்கும்வரை எது எது என்று ஒட்டி வைக்க வேண்டிய தேவையே வரவில்லை.

அந்தத் தேவையைக் கொண்டுவந்தவர் செல்வி. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பிப்ரவரியில், எம்.எஸ்ஸி. பட்டத்தோடு, இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டோடு வந்து சேர்ந்தார். பிரம்மதேசத்து வீட்டில் அவர் ஒருவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆறு மாதத் தகுதிகாண் காலம். அது முடிந்தால்தான் வேலை நிரந்தரம். வந்த இரண்டாம் நாளே நீங்கள் நாக்கில் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு முகம் சுளித்தார். மூன்றாம் நாள் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: 'ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது.' தப்பான விதி இல்லை. எந்தக் கல்லூரியிலும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விதிதான். கேன்களில் அழகான கையெழுத்தில் சீட்டு எழுதியும் ஒட்டினார், 'உப்பு நீர்', 'நல்ல நீர்' என்று. ஆனால் ஒட்டியது மூடியில்.

நீங்கள் அறிவிப்பைப் படித்துவிட்டு, "சரிம்மா, இனிமே வாய மூடிக்கினு இருக்கறேன்" என்றீர்கள். சொன்னபடியே இருந்தீர்கள்.

அந்த ஆண்டு மே மாதம் கத்திரி நடுவில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். பாத்திகள் வெளுத்துப்போயின. ரெட்டச் சாட்டைக்காரனுக்கு மற்ற பாசிகளைப் போல் கெட்டியான மேல்தோல் கிடையாது, மெல்லிய சவ்வுதான். உப்புத் தண்ணீரிலேயே ஊறி வளர்ந்த உடம்பு. திடீரென்று நல்ல தண்ணீர் பட்டால், தண்ணீர் உள்ளே புகுந்து ஊதி வெடித்துவிடும். மழையோடு எல்லாம் போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். திங்கட்கிழமை செல்வி பாத்தித் தண்ணீரை எடுத்து, கேனிலிருந்து உப்புநீர் ஊற்றி நீர்க்கச் செய்து, கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து எண்ணினார். ஒன்றுகூட இல்லை. கிழிந்த சக்கைகள் மட்டும் மிதந்தன. வியாழக்கிழமை மறுபடி எண்ணினார். மறுபடியும் சைபர்.

இரண்டு முறை சைபர் வந்தால் பாத்திகளை வடித்துவிட வேண்டும் என்பது சென்னைத் தலைமை அலுவலகத்தின் விதி. உத்தரவு வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. சனிக்கிழமை காலை மடை திறக்க வேண்டும், பாத்தியில் வேலை செய்யும் ஆறு பெண்களையும் மறு உத்தரவு வரும்வரை நிறுத்த வேண்டும். மறு உத்தரவு என்று ஒன்று வராது, நிலையத்தையே மூடப்போகிறார்கள் என்றும் பேச்சு. மடை திறக்க வேண்டியவர் நீங்கள். சனிக்கிழமை காலை மண்வெட்டியோடு போனீர்கள். மண்வெட்டியைத் தூர வைத்துவிட்டு மடைப் பலகைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

"பச்சமுத்து, எழுந்திரிங்க. ஆர்டர் வந்திருக்குது" என்றார் ஜான்சன் சார்.

"ரெண்டு மணி நேரம் குடுங்க சார். இதுங்க உசுரோட இருக்குதுன்னு நான் காட்டலன்னா, நானே தொறந்து வுட்டுட்டு ஊட்டுக்குப் போயிடறேன். நாளைலேர்ந்து வர மாட்டேன்."

செல்விக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் எண்ணிக்கையை, அதுவும் ஆறு பெண்கள் எதிரில், ஒருவர் மடைமேல் உட்கார்ந்து மறுக்கிறார். "சார், நான் ரெண்டு தடவ எண்ணியிருக்கேன். ஒண்ணுகூட இல்ல. மைக்ராஸ்கோப்ல பாக்கறது நானா, இவரா? வெறுங்கண்ணால பாத்தா தெரியுமா?"

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "மேலதாம்மா மழத்தண்ணி. அது லேசு, மெதந்துக்கினு கெடக்குது. கீழ உப்புத்தண்ணி அப்படியேதான் இருக்குது. கால வுட்டுப் பாரு, மேல ஜில்லுன்னு இருக்கும், அடியில சுடும்."

செல்வி காலை விட்டுப் பார்க்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நீங்கள் கேட்டது ஒரு கண்ணாடிப் பாட்டிலும் ஒரு ரோல் கறுப்பு டேப்பும். டேப் மோட்டார் அறையில் இருந்தது. பாட்டில், இதோ கடைசி வரிசையில் உட்கார்ந்து ஏற்கெனவே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும், அந்த ஆறு பேரில் ஒருவரான பொன்னியின் சாப்பாட்டுப் பையில் இருந்தது. "அண்ணே, அதுல பாதி மாவடு இருக்குது!" என்று பொன்னி அலற, "எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு குடு. பாத்தியே போவப்போவுது, மாவடுவ வச்சி என்னா பண்ணப்போற?" என்றீர்கள். கண்ணில் தண்ணீரோடு எல்லோரும் மாவடு தின்ற காலை அது. பொன்னி காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். அப்போதுதான் நீங்கள் கத்தினீர்கள். உங்கள் குரல் அவ்வளவு உயர்ந்து நாங்கள் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"ஏய் பொன்னி! நல்ல தண்ணில கழுவாத! பாட்டில்ல தேங்கி நின்னா அம்புட்டும் வெடிச்சிப் பூடும். பாத்தித் தண்ணில அலசு!"

செல்வி திரும்பினார். வெடித்துப் போகும். கண்ணாடியில் பார்த்த கிழிந்த சக்கைகள் நினைவுக்கு வந்தன. மழையில் செத்திருந்தால் ஐந்தாறு நாளில் மக்கிக் கரைந்திருக்குமே. அவை அப்போதுதான் கிழிந்தவைபோல் அல்லவா இருந்தன? யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஆய்வகத்துக்கு நடந்தார். 'உப்பு நீர்' என்று மூடியில் எழுதிய கேனைத் திறந்தார். தான் ஒட்டிய அறிவிப்புக்கு நேர் கீழே நின்று, ஒரு சொட்டை நாக்கில் வைத்தார்.

இனித்தது. பாண்டிச்சேரிக் கடையில் காசு கொடுத்து வாங்கும் தண்ணீர்போல் அவ்வளவு நன்றாக இருந்தது.

இன்னொரு கேனில் வாய் வைத்தபோது உப்பு தொண்டையை அறுத்தது, இருமினார். முந்தின ஞாயிற்றுக்கிழமை நிலையத்தில் தனியாக இருந்து இரண்டு கேனையும் கழுவியவர் அவர். நிரப்பியவரும் அவர். மூடியை மாற்றிப் போட்டவரும் அவர்தான். வேறு யாரும் அந்தக் கேன்களைத் தொடவே இல்லை. வியாழக்கிழமை எடுத்ததில் மீதமிருந்த பாத்தித் தண்ணீரில் சரியான உப்புநீரைக் கலந்து புதிதாக எண்ணினார். கட்டத்துக்குக் கட்டம் ரெட்டச் சாட்டைக்காரர்கள், முழுசு முழுசாக. எண்ணி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று நாள் மழையில் சாகாதவற்றை, திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் தன் மேசையில் வைத்துத் தானே கொன்றிருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கியது.

வெளியே நீங்கள் பாட்டிலில் பாத்தியின் அடித்தண்ணீரை நிரப்பி, சுற்றிலும் கறுப்பு டேப் சுற்றி, ஒரே ஓர் இடத்தில் மட்டும் மிளகளவு ஓட்டை விட்டு, அந்த ஓட்டை வெளிச்சம் பார்க்கக் கொட்டகை நிழலில் வைத்திருந்தீர்கள். செல்வி திரும்பி வந்தபோது எல்லோரும் கூடி நிற்க, டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர் தெளிந்திருந்தது. ஓட்டை இருந்த இடத்தில் மட்டும், கண்ணாடியின் உள்பக்கம், குங்குமப் பொட்டு வைத்ததுபோல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். அத்தனை உயிரும் சாட்டையை வீசி வீசி வெளிச்சத்தின் வாசலுக்கு வந்து நின்றிருந்தன.

"செத்தது எங்கயாவது வெளிச்சம் தேடி நீஞ்சி வருமா சார்?" என்றீர்கள். பொன்னி உங்கள் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தார், சந்தோஷத்தில். ஜான்சன் சார் பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அப்ப ரெண்டு தடவ சைபர் எப்படி வந்திச்சு?"

செல்வி வாயைத் திறந்தார். சொல்லத்தான் திறந்தார் என்று இன்றும் நம்ப ஆசைப்படுகிறார். நீங்கள் அவர் முகத்தைப் பார்த்தீர்கள். உதட்டில் உப்புக் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள் என்பது உங்களுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. என்ன நடந்திருக்கும் என்பதும் தெரிந்துவிட்டது.

"நாந்தான் சார்" என்றீர்கள். "ஞாயித்துக்கெழம வந்து கேன கழுவி வச்சேன். மூடி மாறிப்போச்சு. பாப்பாவுக்குத் தெரியாது."

செல்வி திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மடைமேல் உட்கார்ந்து உத்தரவை மீறியதைத் தலைமை அலுவலகம் மன்னித்துவிட்டது. கேனை மாற்றியதை மன்னிக்கவில்லை. நீங்கள் செய்யாத அந்த ஒன்றுக்காக, 'கடமையில் கடும் கவனக்குறைவு' என்று உங்கள் பணிப் பதிவேட்டில் மெமோ ஏறியது. இரண்டு ஆண்டு கழித்து வந்த மேற்பார்வையாளர் பதவி அதனாலேயே உங்களைத் தாண்டிப்போனது. அன்று மாலை வரப்பில் செல்வி உங்கள் பின்னாலேயே ஓடி வந்து, "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டபோது, நீங்கள் நடையை நிறுத்தவில்லை.

"உனக்குப் பர்மனென்ட் ஆவ இன்னும் மூணு மாசம் இருக்குது. இப்ப மெமோ வந்தா ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. என்னை என்னா பண்ணுவாங்க, வரப்புலேர்ந்து எறக்கிக் கடல்ல வுட்டுருவாங்களா? போ, போயி அந்த மூடில ஒட்டினத கேன்ல ஒட்டு. ஒட்டினாலும் நாக்குல வச்சிப் பாரு."

அதற்குப் பிறகு பதினோரு ஆண்டு. ஒரு நாள், ஒரு வார்த்தை, ஒரு பார்வைகூட அதைப் பற்றி உங்களிடமிருந்து இல்லை. செல்வியின் வேலை நிரந்தரமானது. அவர் தம்பி படித்து முடித்தான். உங்களைவிட இருபது வயது இளையவர் ஒருவர் சென்னையிலிருந்து மேற்பார்வையாளராக வந்து உங்களை வேலை வாங்கினார். தினமும் காலையில் செல்வி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு எண்ண உட்கார்ந்தார். சுவரில் இருந்த அறிவிப்பு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

இந்த மடலை எழுதும் பொறுப்பு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று செல்வியிடம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு எழுதி முடித்தார். 'மாசற்ற முப்பத்து மூன்று ஆண்டுப் பணி' என்று ஒரு வரி எழுதியிருந்தார். எல்லா மடலிலும் வருகிற சொல்தான், யோசிக்காமல்தான் எழுதினார். அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் வைஜெயந்தி அம்மா அதைப் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"செல்வி, இந்த 'மாசற்ற' வேணாம், எடுத்துடு. அவரு பைல்ல ஒரு மெமோ இருக்குது. விழாவுக்கு ஹெட் ஆபீஸ்லேர்ந்து வர்றாங்க. மெமோ வாங்கினவருக்கு எப்படி மாசற்றன்னு எழுதினீங்கன்னு கேட்டா நான்தான் முழிக்கணும்."

வைஜெயந்தி அம்மா மேல் தப்பே இல்லை. பதிவேட்டில் இருப்பதைத்தான் அவர் சொன்னார். செல்வி தலையாட்டிவிட்டு வந்து, அடிபட்ட இடத்தில் வேறு சொல் தேடினார். 'மங்காத' என்று போட்டார். 'மகத்தான' என்று போட்டார். 'மேன்மைமிகு' என்று போட்டுப் பார்த்தார். மோனை எல்லாம் அழகாக வந்தது. ஒவ்வொன்றையும் வாசிக்க வாசிக்க வாயில் உப்புக் கரித்தது. பச்சமுத்து அண்ணன் முப்பத்து மூன்று ஆண்டில் சேர்த்தது இந்த ஒரு சொல்தான், அதையும் தானே தின்றுவிட்டோம் என்று வைஜெயந்தி அம்மாவின் மேசைமேல் தலையைச் சாய்த்து, பட்டப்பகலில், ஆபீஸ் நடுவில் அழுதார். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஜான்சன் சார் அறைக்குப் போனார்.

எல்லாவற்றையும் சொன்னார். ஜான்சன் சாரின் குரலில் இரக்கம் இல்லை.

"பதினோரு வருஷம்மா! அந்த மனுஷன் தெனமும் உன் டேபிளுக்கு எதிர்லதான் கேன தூக்கிக்கினு போறாரு. உனக்கு எப்படிம்மா சோறு எறங்குச்சு?"

"எறங்குச்சு சார். அதான் அசிங்கமா இருக்குது."

"இது உன் பைல்ல ஏறும். ஜூலைல லேப் இன்சார்ஜ் போஸ்ட்டு வருது, அது உனக்குக் கெடைக்காது. நான் நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார். பேப்பர் குடுங்க, எழுதித் தர்றேன்."

எழுதித் தந்தார். ஜான்சன் சார் அதை எடுத்துக்கொண்டு தானே சென்னைக்குப் போனார். போன வியாழக்கிழமை உத்தரவு வந்தது. அண்ணா, இந்தப் பந்தலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்து உங்களுக்கு மட்டும் தெரியாமல் மூன்று நாளாக மூடி வைத்திருக்கும் செய்தி இதுதான்: உங்கள் பதிவேட்டிலிருந்த அந்த மெமோ ரத்து செய்யப்பட்டது. அது தவறாக அளிக்கப்பட்டது என்று ஜான்சன் சார் பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பதவியைத் திருப்பித் தர வழியில்லை. போன ஆண்டுகளையும் யாராலும் தர முடியாது. வைஜெயந்தி அம்மா தான் சிவப்பால் அடித்த சொல்லைத் தன் கையாலேயே மறுபடி எழுதிக் கொடுத்தார். மடலில் அந்த ஒரு சொல் மட்டும் வேறு கையெழுத்தில் இருக்கும், கண்ணாடியில் பாருங்கள்.

இப்போது நீங்கள் எழுந்து நின்று, "யம்மா, வேணாம், வுடு" என்று கையை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள். உட்காருங்கள், அண்ணா. முப்பத்து மூன்று ஆண்டு நீங்கள் பேசியதை நாங்கள் கேட்டோம். இன்று ஒரு நாள் நாங்கள் பேசுவதை நீங்கள் கேளுங்கள்.

ஆகவே, உப்பும் வெயிலும் உடலை உருக்கினும் உண்மை உருகாத உரவோரே! பிறர் பிழையைத் தோளில் சுமந்து, சுமந்ததையும் சொல்லாது நடந்த சான்றோரே! களங்கம் உங்கள் ஏட்டில் இருந்தது, உங்களிடம் இருந்ததில்லை என்பதை ஊரறிய, உற்றார் அறிய, உங்கள் ஆராயி அறிய, அதிகாரிகள் அறிய உரத்துச் சொல்கிறோம். நீங்கள் இந்நிலையத்துக்கு அளித்தது மாசற்ற முப்பத்து மூன்று ஆண்டுப் பணி.

செல்வி ஓய்வு பெற இன்னும் இருபத்திரண்டு ஆண்டு இருக்கிறது. அன்று அவருக்கும் இதே பந்தலில் ஒரு மடல் வாசிப்பார்கள். அதில் இந்தச் சொல் இருக்காது. யாராவது பழக்கத்தில் எழுதிவிட்டாலும், அன்றைக்குப் பதிவேட்டைப் பார்ப்பவர் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவார். அது சரிதான், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று செல்வி சொல்கிறார். அவர் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த மடலை வாசிக்கும்போது நீங்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும். அன்று உங்களுக்கு எண்பத்திரண்டு வயது. கண் தெளிந்திருக்க வேண்டும், கால் உறுதியாக இருக்க வேண்டும், இருபத்திரண்டு டிகிரியைச் சொல்லும் அந்த நாக்கு அப்போதும் பிசகாமல் இருக்க வேண்டும். ஆராயி அண்ணி பக்கத்தில் இருக்க வேண்டும், கையில் சோடாவோடு. அந்த ஆயுளையும் அந்த ஆரோக்கியத்தையும் ஆண்டவன் உங்களுக்கு அள்ளித் தரட்டும். வராமல் இருந்துவிடாதீர்கள், அண்ணா.

என்றும் உங்கள் அன்பில்,
உப்புநீர்ப் பாசி வளர்ப்பு நிலைய ஊழியர்கள்,
மரக்காணம்.

எழுதி வாசித்தவர்:
கேன் மூடியை மாற்றிப் போட்ட
அ. ஆரோக்கியசெல்வி